ஆரஞ்சு மூடுபனியில் பதினேழு நிமிடம்

காதில் மாட்டியிருப்பதைக் கொஞ்சம் கழற்றுங்கள் தம்பி. ஒரு காதை மட்டும் கழற்றினால் போதும், இன்னொன்றைப் பாட்டுக் கம்பெனிக்காரனுக்கே விட்டுவிடுங்கள். கோலாலம்பூர் போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. இந்த பஸ்ஸில் விழித்திருப்பது நீங்கள், நான், ஓட்டுநர் மூன்று பேர்தான். ஓட்டுநரைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

முதலில் இந்தப் பிரசுரத்தைப் பிடியுங்கள். நான்கு பக்கம். நானே எழுதியது. இன்று அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அது தனிக் கதை, சொல்கிறேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. படித்து முடித்தால் பிஸ்கட் மடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

என் பெயர் செங்கமலம். கேள்விப்பட்டதில்லை இல்லையா? நல்லது. உங்கள் வயதுக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆத்தோரத் தோட்டத்தில் பதினோரு நாள் ஒரு ரப்பர்ப் பால்மரத்தையும் சீவ விடாமல் நிறுத்தி வைத்தவள் நான். எழுபத்தாறாம் வருடம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்தில். மளிகைப் பொட்டலமாக வந்த பிரசுரத்தைக்கூடப் பிரித்து, எண்ணெய்க் கறையைத் துடைத்துப் படித்திருக்கிறேன். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். என் வீட்டுக்காரர் சொல்வார், "உன்கிட்டப் பேசுனா ரேடியோ செய்தி கேட்ட மாதிரி இருக்கு" என்று. பாராட்டுகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன்.

அவர் பெயர் வைரக்கண்ணு. தோட்டத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்பு ஒலிபெருக்கிதான். நல்ல மனிதர். அரசியல் அறிவு சுத்தமாகக் கிடையாது. உலகத்தில் சுரண்டல் நடக்கிறது என்று சொன்னால், "அப்படியா" என்பார். நாளைக்கு மழை வரும் என்று சொன்னாலும் அதே "அப்படியா"தான்.

அவருக்கு ஒரு நோய் இருந்தது. இந்தோனேசியப் பாட்டு. மேடானிலிருந்து படகில் கருவாடு கொண்டுவரும் ஒருவன், கருவாட்டுக்கு நடுவே கேசட்டும் கொண்டுவருவான். அட்டையைப் பார்த்தாலே தலை சுற்றும். கழுத்துவரை முடி, யானைக்காலே நுழையும்படி கால்சட்டை, பின்னால் காளானா பூவா என்று தெரியாத ஏதோ ஒன்று. அதில் ஒரு குழுவுக்குப் பெயர் 'காபுட் ஜிங்கா'. ஆரஞ்சு மூடுபனி என்று அர்த்தமாம். மூடுபனியை ஆரஞ்சு நிறத்தில் எவன் பார்த்தான்? என்ன குடித்துவிட்டுப் பார்த்தான்?

அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு இருபது நிமிடம். ஒரு பாட்டு, தம்பி, இருபது நிமிடம்! மேளம் அடிப்பவன் நடுவில் எழுந்துபோய்ச் சோறு தின்றுவிட்டு வந்திருப்பான். கித்தார் ஒரு பக்கம் அழும். ஆர்கன் ஒரு பக்கம், வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும். நடுவில் ஒருவன் பாடுவான். என்ன பாடுவான் தெரியுமா? அவர்கள் பாஷையும் நம் ஊர் மலாய் மாதிரிதான், எல்லாம் புரியும். 'மழையே, கொஞ்சம் நில். அவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.' அட மடையா, அவள் வரவில்லை என்றால் குடையை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வா! மழையிடம் மனுக் கொடுக்கிறான். மனுக் கொடுத்தே கெட்ட இனம் நம் இனம் என்று அன்றைக்கே கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

வைரக்கண்ணு "அப்படியா" என்பார். அதைத் திரும்பப் போடுவார், நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அவரைப் பற்றி எனக்கு இன்னொரு குறையும் உண்டு. கூட்டம் பேசிவிட்டு, நாலு வீடு ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வருவேன். கதவைத் திறப்பார். ஒரு நாளாவது 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருக்கிறாரா? கிடையாது. மலாயில் ஒரு வாக்கியம் சொல்வார். 'பாசா புன் தாக் ஆப்பா, அசால் பூலாங்.' நனைந்தாலும் பரவாயில்லை, வந்து சேர்ந்தால் போதும். மழை பெய்த நாளில் சொன்னால் சரி. மண் வெடித்துக் கிடக்கும் நாளிலும் இதையேதான் சொல்வார். வீட்டுக்குள் நுழைகிற பெண்டாட்டியிடம் எதற்கு மலாய்? நான் என்ன, அரசாங்க ஆபீசுக்கா வந்திருக்கிறேன்? "வழியை விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். நாற்பத்தேழு வருடம் அவர் அதையே சொன்னார், நானும் இதையே சொன்னேன்.

பீடோர் தாண்டிவிட்டதா? சரி.

போராட்டம் எதற்கு என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன். ஆயாக்கொட்டாய்க்காக. தாய்மார்கள் மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை. கூரை முழுக்க ஓட்டை. மழை வந்தால் முப்பது பிள்ளைகளும் தொட்டிலோடு நனையும். தோட்ட மேலாளர் துரையிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார். இரண்டு வருடம் பார்த்தார். மூன்றாவது மழைக்காலத்தில் நான் எழுந்தேன்.

பதினோரு நாளும் மாலையில் கூட்டம். கொட்டாய் வாசலில் ஒரு மேசை, மைக். கூட்டத்துக்கு முன்னால் வைரக்கண்ணு அந்தப் பாட்டைத்தான் போடுவார். வேறு எதையாவது போடுங்கள், எழுச்சியாக ஏதாவது போடுங்கள் என்று சண்டை போட்டேன். "இதுக்குத்தான் ஆள் வருது கமலம்" என்றார். என்ன திமிர் பாருங்கள்! ஆள் என் பேச்சுக்கு வருகிறது. பாட்டு ஓடும்போது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆள் சேர்ந்ததும் நான் துண்டை அசைப்பேன். அவர் பாட்டின் சத்தத்தை இறக்குவார். நான் "தோழர்களே!" என்று ஆரம்பிப்பேன். தினமும் அதே இடம். பாடுகிறவன் 'விளக்கை அணைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை' என்று சொல்லி முடித்து, அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பான் பாருங்கள், அங்கே வெட்டுவேன். சரியான இடம்.

ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். மைக் செட் வரவில்லை. நான் வெறும் தொண்டையில் பேசினேன். ஒன்பது பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். அன்றைக்கு மக்களிடம் வர்க்க உணர்வு சற்று மந்தமாக இருந்தது. போராட்டத்தில் அப்படி ஏற்ற இறக்கம் வரும். மறுநாள் அவர் எழுந்து வந்தார், உணர்வும் திரும்ப வந்துவிட்டது.

பதினோராம் நாள் கொட்டும் மழை. துரையின் கார் வந்து நின்றது. பாட்டு அப்போதுதான் ஆரம்பித்து, இரண்டு அடிதான் ஓடியிருந்தது. இன்று விடக்கூடாது என்று மைக்கைப் பிடித்தேன். ஓட்டைக் கூரைக்குக் கீழே, கையில் எவளோ ஒருத்தியின் நனைந்த பிள்ளை. பதினேழு நிமிடம் பேசினேன். என் வாழ்க்கையிலேயே அப்படிப் பேசியதில்லை. துரை காரை விட்டு இறங்கினார். ஒரு மாதத்தில் புதுத் தகரம் போட்டார்கள்.

இப்போது அந்தத் தோட்டமே இல்லை. எண்ணெய்ச் செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகிவிட்டது. பழைய ஆட்கள் கல்யாண வீட்டில் பார்த்தால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அக்கா, அந்தப் பாட்டுப் போராட்டத்துல நீங்களும் இருந்தீங்கல்ல?" பாட்டுப் போராட்டம்! நானும் இருந்தேனாம்! ஒருத்தி அந்தக் கித்தாரை வாயால் வாசித்தே காட்டினாள். என் பேச்சில் ஒரு வரி சொல்லு என்றேன். "மறந்துபோச்சுக்கா, ரொம்ப நீட்டாப் பேசுவீங்க" என்றாள்.

ஒன்று மட்டும் எனக்குத் திருப்தி. அந்தப் பதினோராம் நாளோடு வைரக்கண்ணு அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. என் அரசியல் வகுப்பு கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்திலேயே இருப்பார். "அப்படியா" என்பார்.

போன வருடம் பங்குனியில் போய்விட்டார். கேசட் பெட்டிகள் இரண்டு, இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. பழைய சாமான் லாரிக்காரன் வந்தான். எடுத்துக்கொண்டு போ என்றேன். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அடுக்குமாடி வீடு தம்பி. இடம் வேண்டாமா?

மூன்று மாதம் கழித்துக் கதவைத் தட்டினான் ஒரு பையன். யுகேந்திரன் என்று பெயர். உங்களைப் போலத்தான், கழுத்தில் ஏதோ மாட்டிக்கொண்டு. பழைய இந்தோனேசியப் பாட்டுகளைத் தேடித் தேடித் திரும்ப வெளியிடுகிறார்களாம். ஈப்போ பழஞ்சரக்குச் சந்தையில் ஒரு கேசட் வாங்கினானாம். மூடியில் 'வைரக்கண்ணு மைக் செட்' என்று எழுதியிருந்ததை வைத்து, லாரிக்காரனைப் பிடித்து, என் வீட்டுக்கு வந்துவிட்டான். தேசத்துரோகியைத் தேடுகிற மாதிரி தேடியிருக்கிறான்.

"பாட்டி, இந்தக் குரல் யாருதுன்னு தெரியுதா?" என்று போனை நீட்டினான்.

"பாட்டின்னு கூப்பிடாதே. தோழர்னு கூப்பிடு."

"சரி... தோழர் பாட்டி, கேளுங்க."

கேட்டேன். பின்னால் ஒரே மழைச் சத்தம். ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கரகரப்பு. ஆனா பேச்சுல சரக்கு இருக்கு. யாருப்பா இவ? அந்தக் காலத்துல எங்க பக்கம் இருந்திருந்தா நான் சேத்துக்கிட்டிருப்பேன்" என்றேன். அப்போது அவள், 'செங்கமலம் சொல்கிறேன், இந்தக் கூரை மாறாமல் இந்தக் கை பால் சீவும் கத்தியைத் தொடாது' என்றாள்.

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

அந்தப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உலகத்துலேயே இந்த ஒரு காப்பிதான் கிடைச்சிருக்கு. அதுல போய் நல்ல பாட்டு மேல பதிஞ்சிருக்காங்களே. யாரு இந்த வேலையப் பாத்தது?" என்றான். தவறுதலாக நடந்திருக்கும் என்றேன். அவர் எதிலும் கவனம் இல்லாத மனிதர், ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார் என்றேன்.

"தவறுதலா நடக்காது பாட்டி" என்று கேசட்டைத் திருப்பிக் காட்டினான். கடையில் விற்கிற பாட்டுக் கேசட்டில் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று, முதுகில் இரண்டு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். பள்ளம் திறந்திருந்தால் சிவப்புப் பொத்தான் இறங்காது. ஏதாவது வைத்து அடைத்தால்தான் இறங்கும். அந்த இரண்டாம் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் காகிதம் சுருட்டித் திணித்திருந்தது, காய்ந்த சோற்றுப் பருக்கையோடு. அவன் ஊசியால் நோண்டி எடுத்து விரித்தான். சிவப்பு எழுத்து. 'ழர்களே' என்று இருந்தது. அந்தப் போராட்டத்துக்கு நான் அச்சடித்த பிரசுரத்தின் மூலை.

அதாவது, நான் அங்கே மைக்கைப் பிடிக்கிறேன். இந்த மனிதர் இங்கே சட்டைப் பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து, மூலையைக் கிழித்து, போராட்டச் சமையல் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து... அந்த மழையில். கையில் வேறு கேசட் இல்லை போலிருக்கிறது. சரி, அரசியல் முக்கியத்துவம் அவருக்கும் கொஞ்சம் புரிந்திருக்கிறது. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 'பாட்டை அழித்தது நல்லது' என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

இருமல். ஒன்றுமில்லை. குளிர்சாதனத்தை ஏன் இப்படி வைக்கிறார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யுகேந்திரன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். பாண்டுங்கிலிருந்து வந்தவள். ரத்னா. ஐம்பது வயது இருக்கும். அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்தவனின் மகள். வயிற்றுவலிக்காரன் என்றேனே, அவன். அவன் பாடியது இந்த ஒரே பாட்டுத்தானாம், மற்றதெல்லாம் வேறொருவன். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போயிருக்கிறான். அப்பாவின் குரலை அவள் கேட்டதே இல்லை. தாளில் எழுதிவைத்த பாட்டும் இல்லை. இத்தனை வருடம் தேடி, கடைசியில் கிடைத்தது. அப்பன் இரண்டு அடி பாடுகிறான், 'டக்' என்று ஒரு சத்தம், நான் வந்துவிடுகிறேன்.

என் குரலை அழித்துவிடச் சொல்லித்தான் வந்திருக்கிறாள் என்று தயாராக இருந்தேன். இந்தப் பிரசுரம் அதற்குத்தான் எழுதியது. 'உழைக்கும் பெண்ணின் குரலை நசுக்காதே!' அச்சடித்து, வாசலில் நின்று, வருபவளிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பதினேழு நிமிடமும் உட்கார்ந்து கேட்டாள். யுகேந்திரன் வரிக்கு வரி மலாயில் சொன்னான். பாதியில், "கம்ப்யூட்டர்ல இந்தப் பேச்சை வெட்டிட்டு, இருக்கற பாட்டை மட்டும் ஒட்டிடலாம் அக்கா" என்றான் அந்தப் புத்திசாலி. அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "என் அப்பா பாட்டை நிறுத்திவிட்டு இவரைப் பேசச் சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். போராட்டமே இல்லாமல் வெற்றி. இப்படி ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது?

பேச்சு முடிகிறது. மறுபடி 'டக்'. பாட்டின் வால் வருகிறது. முக்கால் நிமிடம் ஆர்கன், ஒரு பெருமூச்சு, தீர்ந்தது. அந்தப் பெருமூச்சுக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மெதுவாக முதல் இரண்டு அடியைத் தானே பாடிப் பார்த்தாள். மழையே, கொஞ்சம் நில். அவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை. நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

நான் பாடவில்லை தம்பி. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பாட்டுக்கு எதிரி. வாய் பாடியது. மூன்றாம் அடி, நாலாம் அடி, நடுவில் கித்தார் அழுவது, ஆர்கன் முனகுவது, எல்லாம் வாயாலேயே. தினமும் மைக்குக்குப் பக்கத்தில் கடுப்போடு நின்று கேட்டதெல்லாம் அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது. யுகேந்திரன் போனைத் தூக்கிப் பிடித்தான். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'விளக்கை அணைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை' வரைக்கும் வந்தேன். மூச்சு இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

அந்த அடி எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. தினமும் அந்த இடத்தில்தானே துண்டை அசைத்தேன்? பாட்டின் கடைசி அடி அதுதான். மழையிடம் அத்தனை கெஞ்சிவிட்டு அவன் கடைசியாக என்ன சொன்னான் என்பது அந்த ஒரு அடியில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒன்பது நாள் "தோழர்களே" என்று கத்தினேன், பதினோராம் நாள் அழித்தே விட்டேன்.

"பரவாயில்லை இபு" என்றாள், அம்மா என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்துவிட்டேன்.

இன்று கோலாலம்பூரில் பதிவு. நான் சொல்லச் சொல்ல பாண்டுங் பையன்கள் வாசிப்பார்களாம், ரத்னா பாடுவாளாம். நாளைக் காலை அவளுக்கு விமானம். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் அந்த இடத்தில் வெறும் கித்தாரை வைத்து மூடிவிடுவார்கள். அவள் அப்பன் சொல்ல வந்தது போனது போனதுதான். பத்து நாளாக யோசிக்கிறேன். ராகம் தெரிகிறது, வால் பகுதியில் ஆர்கன் அதையே திரும்ப வாசிக்கிறது. முதலில் சமமாகப் போய், நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு கடைசிச் சொல்லை மேலே தூக்கி இழுத்து விடுவது. லா லா லா லா லா லா... லா லா லா லாஆ. சொல்தான் வரமாட்டேன் என்கிறது.

ரவாங் பலகை தெரிகிறது, இனிக் கோலாலம்பூர்தான். மழை வேறு பிடித்துக்கொண்டது.

என்ன கேட்டீர்கள்? அவர் வீட்டில் பாட மாட்டாரா என்றா? வீட்டில் அவர் வாயைத் திறந்தால்தானே! சொன்னேனே, கதவைத் திறக்கும்போது அந்த ஒரே மலாய் வாக்கியம். அதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார். நடுவில் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு கடைசிச் சொல்லை மேலே தூக்கி, ஒரு மாதிரி இழுத்து...

கொஞ்சம் இருங்கள்.

பாசா புன் தாக் ஆப்பா... அசால் பூலாஆங்.

கொஞ்சம் இருங்கள் தம்பி.

மழை பெய்யாத நாளிலும் சொன்னார். கேசட்டை அழித்த பிறகும் சொன்னார். அதற்குப் பிறகுதான் இன்னும் விடாமல் சொன்னார். ஆஸ்பத்திரியில், நான் ஃப்ளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு நுழைந்தபோது, மூக்கில் குழாயோடு சொன்னார். நான் என்ன சொன்னேன்? நர்ஸ் நிற்கிறாள், வழியை விடுங்க என்று... படுத்திருக்கிற மனிதரிடம்.

பேனா இருக்கிறதா? எழுதுங்கள். பிரசுரத்தின் பின்பக்கம் காலிதான், அதில் எழுதுங்கள். என்னிடம் கொடுக்காதீர்கள், கண்ணாடியைத் துடைக்க வேண்டும். வண்டி வேறு ஆடுகிறது. சாலை போடுவதிலும் ஊழல்.

எழுதிவிட்டீர்களா? படியுங்கள்.

சத்தமாகப் படியுங்கள். எழுந்தால் எழட்டும், யார் எழுந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இன்னொரு தடவை. கடைசிச் சொல்லை விட்டுவிடாமல், முழுதாக. இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.